வெட்டி எடுத்த பதினொரு நிமிடம்

வருகின்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பிள்ளைகள் தாமே எடுத்த குறும்படங்களைத் திரையிடுவதென்று செயற்குழு தீர்மானித்திருப்பதை அன்பர்கள் அறிவார்கள். “நீங்கள் மாணவப் பருவத்தில் படம் எடுத்தவராமே, பிள்ளைகளுக்குப் பயன்படும்படி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள்” என்று செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார். நான் ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் இட்டுக்கொண்டிருக்கும் ஒரு குமாஸ்தா. மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படித்தவனல்லன். நான் எடுத்த படங்கள் இரண்டே; இரண்டையும் சேர்த்து ஓட்டினாலும் பதினாறு நிமிடங்களைத் தாண்டா. எனினும் அவற்றைப் பற்றி எழுத எனக்கென்று ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

2004ஆம் ஆண்டில் நான் கரக்பூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவன். தந்தையார் அங்கே பாயிண்ட்ஸ்மேன். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளி, திருமண வீடியோ எடுக்கும் வங்காளி ஒருவர் ஸ்டுடியோ வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் ‘தாதா’, அதாவது அண்ணன். பள்ளி விட்டதும் அவருக்கு ஒயர் சுற்றுவேன், விளக்குப் பிடிப்பேன். அதற்குக் கூலியாக, முகூர்த்தமில்லாத நாட்களில் காமிராவை எனக்குத் தருவார். முதலில் எடுத்த படம் ஒரு திருடன் கதை, தோழர்கள் நடித்தார்கள். அதைப் பற்றிப் பேசாமலிருப்பதே எல்லோருக்கும் நல்லது.

இரண்டாவது படத்தின் கதை மிக எளியது. ஒரு சிறுவன் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துச் செல்கிறான். வண்டி தாமதமாகிறது; அப்பாவால் டியூட்டியை விட்டு வர முடியவில்லை; சோறு ஆறிப்போகிறது. கடைசியில் வருகிறார், இருவரும் சேர்ந்து உண்கிறார்கள். சிறுவனாக நான், அப்பாவாக என் அப்பா. எனக்குக் கிடைத்த ஒரே நடிகர் அவர்தாம். ஸ்டேஷனில் அனுமதி வாங்கித் தந்தவரும் அவரே. நான் நடிக்கும்போது காமிராவைத் தாதா பிடித்தார். அப்பா தனியே வரும் காட்சிகளை நான் எடுத்தேன்.

கரக்பூர் பிளாட்பாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதன் நீளம் 1072.5 மீட்டர். உலகிலேயே நீளமானது என்ற பெயர் அதற்கு நெடுநாள் இருந்தது. 2013இல் கோரக்பூரும், 2023இல் ஹூப்ளியும் அதை முந்திவிட்டன. அதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேரியருடன் நடக்கப் பதின்மூன்று நிமிடமாகும். அவ்வளவையும் காட்டினால்தான் பையனின் சிரமம் புரியும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். தாதா வாதிடவில்லை. மூன்று துண்டுகளை எடுத்தார்: பிளாட்பாரத்தின் தொடக்கத்தில் என் கால், நடுவில், கேரியரைக் கை மாற்றிக்கொள்வது, கடைசியில், வெகு தூரத்தில் ஒரு புள்ளியாக நான் வருவது. மூன்றும் சேர்ந்து ஒன்பது விநாடி. போட்டுப் பார்த்தபோது, நடந்த களைப்பு எனக்கே வந்தது.

காலத்தை இப்படிச் சுருக்கலாம் என்பது மட்டுமன்று, பிரிந்த காலங்களை ஒட்டவும் செய்யலாம் என்று அன்று தாதா சத்யஜித் ராயின் கதையைச் சொன்னார். 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’யில் அக்காளும் தம்பியும் நாணற்பூக் காட்டில் ரயிலைப் பார்க்கும் காட்சியை அறியாதவர் குறைவு. ராய் முதன்முதலில் படம்பிடிக்கத் தொடங்கியது 1952இல் அந்தக் காட்சியைத்தான். பாதி எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பிப் போனால், பூக்களை எல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன! மீண்டும் பூப்பதற்கு அடுத்த பருவம் வரை காத்திருந்தார்கள். ஆனால் திரையில் அது ஒரே காட்சி. இடையில் மாடு மேய்ந்ததை யாரும் கண்டுபிடிக்க இயலாது.

என் படத்தில் மாடு மேயவில்லை, நானே மேய்ந்துவிட்டேன். வீட்டிலிருந்து புறப்படும் பையன் திரையில் இடமிருந்து வலமாகப் போகிறான். எதிரே வர வேண்டிய அப்பாவை நான் தண்டவாளத்தின் மறுபுறம் நின்று எடுத்ததால், அவரும் இடமிருந்து வலமாகவே போகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், மகன் சோற்றைத் தூக்கிக்கொண்டு துரத்த, தகப்பனார் தப்பி ஓடுவது போல் இருந்தது. நடப்பவர் இருவருக்கும் இடையே ஒரு கோட்டை மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். காமிரா அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. இதை எனக்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு.

தாதா டேப்பைத் தேடினார். அப்பா காமிராவை நோக்கி நேரே வரும் ஒரு துண்டு அகப்பட்டது. “போதும்டா, டியூட்டிக்கு நேரமாச்சு” என்று என்னைக் கடிந்துகொள்ள வந்த துண்டு அது. ஓசையை எடுத்துவிட்டு அதை நடுவில் வைத்தார். திசைக் குழப்பம் தீர்ந்தது. அதைவிட வியப்பு: கோபமாக வந்தவர், பசியோடு இருக்கும் மகனைத் தேடி விரைந்து வருபவராகிவிட்டார். ரஷ்யாவில் 1919இல் தொடங்கிய திரைப்படப் பள்ளியில் ஆசிரியராக இருந்த குலெஷோவ் என்பவர், ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டி, பார்ப்பவர் அதே முகத்தில் பசியையும் துயரத்தையும் காண்பதை மெய்ப்பித்தவர் என்று பிற்காலத்தில் படித்தேன். கச்சாப் பிலிம் கிடைக்காத பஞ்ச காலத்தில், அவருடைய மாணவர்கள் பழைய படங்களை வெட்டி ஒட்டியே தொழில் கற்றார்களாம். எனக்கு அந்தப் பாடம் கரக்பூரில் இலவசமாகக் கிடைத்தது.

இனி அந்தக் காரணத்துக்கு வருகிறேன்.

அப்பாவை நடிக்க வைப்பது இயலாத காரியமாக இருந்தது. காமிரா ஓடத் தொடங்கியதும், பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தது போல் விறைத்து நிற்பார். “மெய்யாகவே சாப்பிடட்டும், காமிராவை ஓடவிட்டு நாம் மறந்துவிடுவோம்” என்றார் தாதா. அப்படியே செய்தோம். பெஞ்சில் அமர்ந்து கேரியரைத் திறந்தார். இரண்டு கவளம் போனதும் காமிராவை மறந்தார், பேசத் தொடங்கினார். அரக்கோணத்தை விட்டு வந்த புதிதில் மொழி தெரியாமல் பட்ட பாடு, முதல் இரவு டியூட்டி, பாட்டி வைக்கும் கருவாட்டுக் குழம்பு என்று பதினொரு நிமிடம் பேசினார். வீட்டில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எடிட்டிங் மேசையில் தாதா அதைப் பார்த்துவிட்டு, “இங்கே படம் நின்றுவிடுகிறது” என்றார். முதல் கவளத்திலேயே கதை முடிந்துவிட்டது. பிறகு வருவதெல்லாம் எங்கள் வீட்டுச் சமாசாரம் என்பது அவர் கட்சி. நான் ஒரு மாலை முழுதும் சண்டையிட்டேன், மறுநாள் ஒப்புக்கொண்டேன். அப்பா சோற்றைப் பிசைந்து, கேரியர் மூடியில் பாதியை எடுத்து வைத்து என் பக்கம் தள்ளும் நான்கு விநாடியை மட்டும் வைத்தோம். பேச்சை எடுத்துவிட்டு வண்டியின் ஓசையைச் சேர்த்தோம்.

டேப் ஒன்றில் ஒரு மணி நேரம் பதியும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றவும் அதே ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். ஏறத்தாழ 13 ஜிபி இடம் பிடிக்கும். தாதாவின் கம்ப்யூட்டரில் இருந்ததோ மொத்தம் 40 ஜிபி. அடுத்த வாரம் ஒரு கல்யாணம். படத்தைக் குறுந்தகட்டில் பதிந்துகொண்டு மற்றவற்றை அழித்தோம். டேப்பை முதலுக்குச் சுற்றித் தாதாவின் கையில் கொடுத்தவன் நானே. அதன்மேல் யாருடைய மாலைமாற்றல் பதிந்ததோ, அறியேன்.

பள்ளி ஆண்டு விழாவில் படம் ஓடியது, கைதட்டினார்கள். 2008இல் அப்பா காலமானார். மறு ஆண்டு, கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. படிப்பும் காமிராவும் அத்துடன் நின்றன.

தாதா செய்தது சரிதான் என்றே இன்றும் எண்ணுகிறேன். பதினொரு நிமிடத்தையும் வைத்திருந்தால் அது படமாகியிராது. ஆனால் ஆண்டுதோறும் திவசத்தன்று அம்மா அந்தக் குறுந்தகட்டைப் போடச் சொல்லுவார். விநாடிக்கு 25 பிரேம் வீதம், அப்பா உண்ணும் காட்சி மொத்தம் 100 பிரேம். மூடியைத் தள்ளும்போது அவர் உதடு அசைகிறது. “என்னடா சொல்றாரு?” என்று அம்மா கேட்பார். வண்டி போகும் சத்தம்தான் கேட்கும். நினைவுபடுத்திப் பார்க்கிறேன்; பிடிபடவில்லை.

நம் சங்கத்தில் பதினோராம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்தி, தன் பாட்டி வடகம் பிழிவதைக் கைப்பேசியில் நாற்பது நிமிடம் எடுத்து வைத்துக்கொண்டு, எங்கே வெட்டுவது என்று கேட்டு வந்தாள். சென்ற ஞாயிறன்று உடன் அமர்ந்தேன். மூன்று நிமிடமாக்கினோம். கொஞ்சம் அழுகை, கொஞ்சம் வாக்குவாதம். படம் நன்றாக வந்திருக்கிறது, விழாவில் பார்ப்பீர்கள். மீதி முப்பத்தேழு நிமிடத்தை வேறொரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஆபீஸ் கோப்புக்கு எழுதுவது போல் தேதியும் பெயரும் எழுதி ஒட்டி, அவள் தாயாரிடம் கொடுத்தேன். “இது எதுக்கு அங்கிள்? வேண்டாம்னுதானே எடுத்தோம்?” என்றாள் அவள். அதில் ஓரிடத்தில் பாட்டியார் வடகத்தை மறந்துவிட்டு, தாம் நீந்தக் கற்ற குளத்தைப் பற்றிச் சொல்கிறார். படத்துக்கு அது தேவையில்லை.