பாலத்தடி விகாரையில் ஓர் உடைந்த கல்

யப்பானில் கியோட்டோ நகருக்குத் தெற்கே உஜி என்ற ஊர் உள்ளது. அங்கே ஆற்றுப் பாலத்தின் அருகிலுள்ள பழைய பௌத்த விகாரையை ஊரார் 'பாலக் கோயில்' என்றே அழைக்கின்றனர்.

646ஆம் ஆண்டில் தோதோ என்ற பிக்கு பாலம் அமைத்ததைக் கூறும் கல்வெட்டை அங்கு பார்த்தேன். 1791இல் அதன் மேற்பகுதி மட்டுமே மண்ணிலிருந்து கிடைத்தது. பழைய நூலொன்றில் இருந்த வாசகத்தைக் கொண்டு மிகுதியைப் புதுக் கல்லில் பொறித்து 1793இல் பொருத்தினார்கள். பாலமும் பலமுறை அழிந்தது. 1286இல் எய்சோன் என்ற பிக்கு அதை மீளக் கட்டினார். இப்போதுள்ள பாலம் 1996இல் கட்டப்பட்டது.

கல்லில் அந்தப் பொருத்து தெரிந்தது. இடம்பெயர்ந்து திரும்பி, பாதிச் சுவரின் மேல் புதுக்கல் அடுக்கி வீடு கட்டியவள் நான். என் வீட்டுச் சுவரிலும் அப்படியொரு கோடு இருக்கிறது, சகோதரிகளே. இனி அதை மறைத்துப் பூச மாட்டேன்.