எத்ரேத்தா கடற்கரை: ஒரு கூழாங்கல் எடுத்தாலும் அபராதம்... ஏன்?

பிரான்ஸில் 1517-ல் உருவான துறைமுக நகரம் லெ ஹாவ்ர். அங்கிருந்து வடக்கே சுமார் 30 கி.மீ. போனால் எத்ரேத்தா. ஓவியர் மோனே திரும்பத் திரும்ப வரைந்த வெள்ளைப் பாறை வளைவுகள் இங்கேதான். மணல் கிடையாது, கரை முழுக்கக் கூழாங்கல். வெறுங்காலில் நடந்தால் அவ்வளவுதான்!

‘ஒரு கல்தானே, ஞாபகத்துக்கு எடுத்துட்டுப் போனா என்ன?’

அபராதம் விழும். சுண்ணப் பாறை இடியும்போது உள்ளே இருக்கும் சிக்கிமுக்கிக் கற்கள் கடலில் விழுகின்றன. அலைகள் உருட்டி உருட்டி அவற்றை வழவழப்பாக்குகின்றன. அந்தக் கல் மேடுதான் புயல் அலையின் வேகத்தை உடைத்து, ஒட்டியே இருக்கும் ஊரைக் காப்பாற்றுகிறது. வருபவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று பையில் போட்டால் மேடு மெலியும்.

வீடியோ தாராளமாக எடுக்கலாம். அலை பின்வாங்கும்போது கற்கள் சலசலவென உருளும். பாட்டு போட்டு அந்தச் சத்தத்தை மறைச்சிடாதீங்க.