ஊட்டி ஃபெயில்!

உலக உருண்டையை எடுத்துப் பாருங்கள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவே உள்ளதெல்லாம் வெப்பமண்டலம். ஊட்டி 11 டிகிரி வடக்கில், ஜம்மென்று உள்ளேதான் இருக்கிறது. ஆனால் விளாதிமிர் கோப்பனைக் கேட்டால், 'ஊட்டியா? அது வெப்பமண்டலமே இல்லை' என்பார்!

ருஷ்யாவில் பிறந்து ஜெர்மனியில் வேலை பார்த்த விஞ்ஞானி இவர். 1884-லிலேயே உலகத்தை வெப்பப் பட்டைகளாகப் பிரித்து மேப் போட்டவர். தெர்மாமீட்டரை மட்டும் நம்பாமல், எங்கே என்ன மரம் முளைக்கிறது என்றும் பார்த்தார். வருஷத்தின் மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி 18 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது, அப்படியிருந்தால்தான் வெப்பமண்டலம். இது அவர் போட்ட ரூல். சென்னை சுலபமாக பாஸ். ஊட்டி ஃபெயில்!

(நிலத்தைப் பூவின் பேரால் குறிஞ்சி, முல்லை என்று நம்ம ஆட்கள் எப்பவோ பிரித்துவிட்டார்கள். கோப்பன் ரொம்ப லேட்!)

போன டிசம்பரில் ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் ஏறினோம். கல்லாறில் பாக்குத் தோப்பு, வேர்வை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது கணக்கு. குன்னூரில் ஸ்வெட்டர் வெளியே வந்தது. மறுநாள் காலை ஊட்டிக்கு வெளியே புல்லெல்லாம் வெள்ளை வெளேர்.

"யாருப்பா உப்பைக் கொட்டினது?" என்றார் அக்கவுன்ட்ஸ் நண்பர்.

உப்பில்லை, உறைபனி. இந்த மலையின் ரகசியமே அதில்தான் இருக்கிறது. மேல்மலையில் காடு எல்லா இடத்திலும் இருக்காது. மலை மடிப்புகளில், ஓடை ஓரமாக மட்டும் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும். அதுதான் சோலை. சரிவெல்லாம் வெறும் புல். திறந்த புல்வெளியில் முளைக்கும் மரக்கன்றைப் பனி கருக்கிவிடுகிறது. தப்பியதைத் தீ பார்த்துக்கொள்கிறது.

'யாரோ காட்டை வெட்டித்தான் புல்வெளி ஆக்கியிருப்பார்கள்' என்றும் ஒரு கட்சி உண்டு. 1993-ல் பெங்களூரு விஞ்ஞானி ராமன் சுகுமார் குழுவினர் நீலகிரிச் சதுப்பு மண்ணில் மக்கிப்போன தாவரங்களின் கார்பனைச் சோதித்தார்கள். புல்லுக்கு ஒரு கையெழுத்து, மரத்துக்கு வேறு கையெழுத்து. 20 ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அங்கே புல் இருந்திருக்கிறது!

வெள்ளைக்காரனுக்கு இது புரியவில்லை. மரமில்லையா, அப்போ தரிசு என்று தீர்மானித்து, ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் யூகலிப்டஸும் கொண்டுவந்து நட்டான். சுதந்திரத்துக்கு அப்புறம் நாமும் விடாமல் நட்டோம். சீகை புல்வெளியை மூடிக்கொண்டே வருகிறது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு மேய இடம் சுருங்குகிறது. மழையைக் குடித்து மெதுவாக ஓடைக்கு விடுவது அந்தப் புல்லும் சோலையும்தான். அந்த ஓடைத் தண்ணீர்தான் பவானிக்குப் போகிறது. 1932 முதல் பைக்காராவில் கரன்ட்டும் ஆகிறது. 2022-ல் அந்நியத் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. நல்ல விஷயம். ஆனால் வெட்டின இடத்திலேயே சீகை மறுபடி முளைக்கிறதே, அதுதான் தலைவலி.

கூடலூர் வழியாக இறங்கினோம். பசுமையோ பசுமை. முதுமலைக்குள் நுழைந்ததும் தேக்கு. மசினகுடி தாண்டினால் முள் புதர்! தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலேயே மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வெறுங்கையோடு வருகிறது. முதுமலையின் மேற்கு ஓரத்தில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. மழை, கிழக்கு ஓரத்தில் 600 மி.மீ.தான். ஒரே காட்டில்!

புல்வெளி மிச்சமிருந்தால்தான் நீலக்குறிஞ்சி. 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. லீவு லெட்டரை நான் இப்பவே எழுதிவிட்டேன். மேனேஜர்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்.