இழுப்போடு மார்ச்சளியும் சேர்ந்தால்?

தோட்டத் தோழர்களே! "சின்ன வயசிலேருந்தே இழுப்பு உண்டு டிரசர், இப்போ மழை வந்தாலே படுக்கையில தள்ளிடுது" என்று சொல்பவரா நீங்கள்? வயசை மட்டும் குறை சொல்லாதீர்கள். பல வருஷம் சிகரெட், சுருட்டு பிடித்தவருக்கும், விறகடுப்பிலும் ரப்பர் புகைக்கூடத்திலும் புகை குடித்தவருக்கும், இழுப்போடு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் சேர்ந்திருக்கலாம்.

வெறும் இழுப்பில் மூச்சுக்குழாய் சுருங்கும். மருந்து போட்டால் பெரும்பாலும் பழையபடி விரியும். அடைப்பு நோயில் குழாய் தடித்து, நுரையீரலும் நைந்துபோகிறது. முழுசாக விரியாது. இரண்டும் இருப்பவருக்குச் சாதாரண ஜலதோஷமே ஆஸ்பத்திரிவரை இழுத்துப் போய்விடும். 1997, 2015 புகைமூட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள்.

எது எவ்வளவு என்று ஊதிப் பார்க்கும் சோதனையில்தான் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய்க்குச் சளியையும் சோதிக்க வேண்டும்.

நீல இன்ஹேலர் உடனே சுகம் தரும், உள்வீக்கத்தைக் குறைக்காது. அதைக் குறைப்பது தினசரி ஸ்டெராய்டு இன்ஹேலர். "நல்லாத்தானே இருக்கேன்" என்று அதை நிறுத்துகிறவர்கள்தான் நடுராத்திரியில் கதவைத் தட்டுகிறார்கள்! உறிஞ்சிய பிறகு வாய் கொப்பளியுங்கள். சளி கூடி, பச்சையாக மாறினால் அன்றைக்கே வாருங்கள். பேச முடியாமல் திணறினால் 999 கூப்பிடுங்கள். இரண்டு நோயும் இருப்பதை அங்கே சொல்லுங்கள். அடைப்பு நோய்க்காரருக்கு ஆக்சிஜனை அளந்துதான் கொடுக்க வேண்டும்.

சம்பளம் போகுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போகாதீர்கள். 1955 வேலைச் சட்டப்படி, ஐந்து வருஷம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 22 நாள் சம்பளத்தோடு எம்.சி. உண்டு.