அரைக் காசு யாருக்கு?

நாமக்கல் மண்டலத்துக் கோழிமுட்டையின் விலையை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, ரூபாயோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஐந்து காசு, பத்துக் காசு வரையில் சொல்லுகிறது. அந்தக் காசுகளை எவரும் கையில் எடுத்துக் கொடுக்க இயலாது. இருபத்தைந்து காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாக் காசாகிவிட்டன. நாணயம் மறைந்த பின்னும் கணக்கில் மட்டும் காசு ஏன் வாழ்கிறது?

எண்ணை முழுதாக்கும் விதியைப் பள்ளியில் படித்திருப்போம். வேண்டிய இடத்துக்கு வலப்புறம் அடுத்துள்ள இலக்கத்தைப் பார்க்கவேண்டும். அது ஐந்துக்குக் குறைவாயின் விட்டுவிடலாம். ஐந்தோ அதற்கு மேலோ ஆயின் ஒன்று கூட்டவேண்டும். 4,348 என்பது நூற்றளவில் 4,300. இதையே முதலில் பத்தளவில் 4,350 ஆக்கி, பிறகு நூற்றளவுக்குப் போனால் 4,400 வந்துவிடும். இரண்டு முறை முழுதாக்கியதால் வந்த பிழை இது.

சரிபாதியாக நிற்கும் எண்ணை மேலே ஏற்றுவது இயற்கையின் நியதியன்று. மனிதர் செய்துகொண்ட உடன்பாடே. 1957 ஏப்ரல் முதல் நாள் நம் நாட்டில் தசம நாணயம் வந்தபோது, சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்லிற்று. பதினாறு அணாவாக இருந்த ரூபாய் நூறு புதுக்காசாயிற்று. ஓரணாவுக்கு ஆறேகால் காசு. கால் காசை எங்கே தேடுவது? அரையும் அதற்குக் குறைந்ததும் தள்ளுபடி, அரைக்கு மேற்பட்டது ஒன்று என்று விதி செய்தார்கள். அதனால் ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25 என்று அமைந்தது. இரண்டணாவின் பன்னிரண்டரையில் அந்த அரை, கொடுப்பவனுக்கே விடப்பட்டது.

நாமக்கல்லையும் தன்னுள் கொண்டிருந்த அந்நாளைய சேலம் மாவட்டத்தில், நாள்தோறும் மூன்றணாவுக்கு எண்ணெய் வாங்கிய ஒரு கூலியாளை நினைத்துப் பாருங்கள். பதினாறு நாளைக்கு அவர் தரவேண்டியது மூன்று ரூபாய். நாளுக்குப் பத்தொன்பது காசாகக் கொடுத்தால் 304 காசு ஆகிறது. பற்றுவரவு வைத்து மொத்தமாகத் தீர்ப்பவருக்கு இந்த நாலு காசு நட்டமில்லை. அன்றாடங்காய்ச்சிக்கே நட்டம். இரண்டணாச் சரக்கிலோ நட்டம் கடைக்காரர் பக்கம். எட்டு முறை விற்றால் ரூபாய்க்கு நாலு காசு குறையும்.

இனி முட்டைக்கு வருவோம். ஒன்றின் விலை 4 ரூபாய் 65 காசு என்று வைத்துக்கொள்வோம். முப்பது முட்டை கொண்ட ஓர் அட்டைக்கு 139 ரூபாய் 50 காசு. கடைசியில் முழுதாக்கினால் 140. முட்டைக்கு ஐந்து ரூபாய் என்று முதலிலேயே முழுதாக்கிவிட்டால் 150. ஒரு லட்சம் முட்டை ஏற்றிச் செல்லும் வியாபாரியிடம் இந்த வேறுபாடு 35,000 ரூபாயாக வளர்ந்து நிற்கும். கணக்கில் காசு வாழ்வது இதனால்தான்.

வணிகத்தில் பழுத்தவர்களும் இதில் தவறியதுண்டு. கனடா நாட்டு வான்கூவர் பங்குச் சந்தை 1982இல் தன் குறியீட்டெண்ணை 1,000 என்று தொடங்கிற்று. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்றாம் தசம இடத்துக்குப் பிற்பட்டதைக் கணிப்பொறி வெட்டி எறிந்துவிட்டது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை இவ்வாறு நடந்தது. 1983 நவம்பரில் ஏறத்தாழ 1,100 என்றிருக்கவேண்டிய எண் 520க்கு அருகில் கிடந்தது. சந்தை வீழவில்லை, வெட்டிய துணுக்குகள் யாவும் ஒரே பக்கத்தில் சேர்ந்திருந்தன.