மூன்று நிமிஷம் எழுந்திருங்கள்... சர்க்கரை இறங்கும்!

'தினமும் நடங்க' என்று சொன்னால் போதும், சர்க்கரை நோயாளிகளில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. "காலையில சமையல், டிபன் கட்டணும், அப்புறம் ஆபீஸ். நேரம் எங்க டாக்டர் இருக்கு?" என்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை என்பதற்காக, கையில் இருக்கும் மூன்று நிமிஷத்தையும் விட்டுவிடலாமா?

தசை என்ன செய்கிறது?

சாதமோ சப்பாத்தியோ, எது சாப்பிட்டாலும் அதிலுள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும்பங்கை வாங்கிச் செலவழிக்க வேண்டியவை நம் தசைகள். தசைக்குள் குளுக்கோஸ் நுழையக் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இந்தச் சாவி சரியாகத் திறப்பதில்லை. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது.

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் இல்லாமலே வேறொரு வழியில் அந்தக் கதவு திறக்கிறது. 'குளுட்-4' என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தொடையும் பிருஷ்டமும் உடம்பின் மிகப் பெரிய தசைகள். அவற்றுக்கு வேலை கொடுத்தால் பலன் அதிகம். நம் தோப்புக்கரணம் செய்வது அதைத்தான்!

சோதித்துப் பார்த்தார்கள்

மெல்போர்ன் நகரத்தின் பேக்கர் ஆராய்ச்சி நிலையத்தார், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத 24 சர்க்கரை நோயாளிகளை ஒரு நாள் 8 மணி நேரம் உட்கார வைத்தார்கள். இன்னொரு நாள் அரை மணிக்கு ஒருமுறை 3 நிமிஷம் மெதுவாக நடக்கச் செய்தார்கள். வேறொரு நாள் அதே 3 நிமிஷம் அரைகுறையாக உட்கார்ந்து எழுவது, குதிகால் தூக்குவது போன்ற எளிய பயிற்சிகள். 2016-ல் வெளியான முடிவு: நடந்த நாளிலும் சரி, பயிற்சி செய்த நாளிலும் சரி, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை ஏறக்குறைய 39 சதவீதம் குறைவு. சிறிய ஆய்வுதான், ஒரு நாள் பலன்தான். ஆனாலும் வழி தெரிகிறதல்லவா?

செய்யும் முறை

* நாற்காலியில் பாதி உட்கார்வது போல் இறங்கி எழுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்தே எழலாம்.
* சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள்.
* நின்ற இடத்திலேயே முழங்காலை மாற்றி மாற்றித் தூக்குங்கள்.

ஒவ்வொன்றும் 20 விநாடி. மாற்றி மாற்றி 3 நிமிஷம். மூச்சைப் பிடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணிக்குள் ஒருமுறை அவசியம். டி.வி. பார்க்கும்போதும், ஆபீஸிலும் முடிந்தவரை அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள். வாரம் 150 நிமிஷ உடலுழைப்பு தேவை என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனமும், 2020 முதல் சின்னச் சின்னதாகச் செய்வதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது.

கவனம் தேவை

"ஆவாரைக் குடிநீர் குடிக்கிறேனே, போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கஷாயத்தைக் குடித்துவிட்டு நாற்காலியை விட்டு அசையாமல் இருந்தால், தசை வேலை செய்யாது. இன்னும் சிலர் பயிற்சியில் சர்க்கரை இறங்கியதும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. சித்த மருந்தோ ஆங்கில மருந்தோ, கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் வேலை. இரண்டும் சாப்பிடுபவர்கள் இரண்டு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்களுக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். நெஞ்சு வலி, பாதத்தில் புண், கண் விழித்திரையில் ரத்தக் கசிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் மதிப்பீட்டின்படி நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். இன்னும் 13 கோடிக்கும் மேற்பட்டோர் அந்த வாசலில் நிற்கிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும், அவரைத் தனியாக விடாமல் குடும்பத்தோடு எழுந்து நில்லுங்களேன்!