கடை சர்வரின் கடிகாரம் ஏன் தப்புகிறது?

சேலம் அம்மாபேட்டையில் ஒரு ஜவுளிக் கடை என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், மாடியில் பில் கணக்கெல்லாம் சேரும் சின்ன சர்வர், சுவரில் சிசிடிவி கேமரா. இரவு 8.10-க்கு ஒரு பில் ரத்தாகி, பணம் வெளியே போனதாக சர்வர் சொல்கிறது. கேமராவில் 8.10-ஐ ஓட்டிப் பார்த்தால், கல்லாவில் நிற்பவர் வேறு ஆள்! காரணம், சர்வர் 3 நிமிடம் பிந்தி ஓடுகிறது. கேமரா 4 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஒன்றும் அறியாத ஒருவர் மேல் பழி விழ இந்த 7 நிமிடம் போதும்.

சூடானால் மெதுவாகும்

கைக்கடிகாரத்தில் இருப்பது போலவே கம்ப்யூட்டரிலும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் உண்டு. நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை எண்ணித்தான் நேரம் கணக்காகிறது. ஆனால், எந்த இரண்டு கிரிஸ்டலும் அச்சு அசலாக ஒன்றுபோல் அதிர்வதில்லை. 10 லட்சத்தில் 20 பங்கு பிழை சர்வசாதாரணம். கேட்க அற்பமாக இருந்தாலும், நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல் ஆகிவிடும்.

வெப்பமும் சேர்ந்துகொள்ளும். இந்த வகை கிரிஸ்டல்கள் 25 டிகிரியை ஒட்டித்தான் சரியாக ஓடும். சித்திரை வெயிலில் ஏசி இல்லாத மாடி அறையில் 45 டிகிரி சூடேறினால், நாளுக்கு 1 நொடிக்கு மேல் பின்தங்கிவிடும்.

நொடியில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு எதிரி ஏவுகணையைக் கோட்டைவிட்டது. 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில், அதன் நேரக் கணக்கில் சேர்ந்திருந்த பிழை வெறும் 0.34 நொடி. பலி, 28 வீரர்கள். கணக்கைத் திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடிகாரம்

தானாகச் சரியாக ஓடும் கடிகாரம் சாதாரண கம்ப்யூட்டரில் இல்லை. எனவே, நம்பகமான ஒருவரிடம் அவ்வப்போது நேரம் கேட்பதுதான் வழி. இதற்கான முறைதான் என்டிபி. அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கி, 1985-ல் வெளியானது.

கேள்வி போய் பதில் வருவதற்குள்ளேயே நேரம் ஓடிவிடுமே? அதற்கும் கணக்கு இருக்கிறது. போய்வர 40 மில்லி நொடி ஆனால், பதில் வந்துசேர 20 ஆகியிருக்கும் என்று பாதியைச் சேர்த்துக்கொள்ளும். ஒருவரிடம் மட்டும் கேட்டால் அவர் தப்பா என்று தெரியாது. இருவரிடம் கேட்டால் யார் சரி என்று தெரியாது. அதனால்தான் நான்கு நேர சர்வர்களையாவது வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

ஊருக்கு ஒரு நேரம் என்ற சிக்கல் நமக்குப் புதிதல்ல. அம்மாபேட்டையில் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியில், நம் கடிகாரப்படி 12.17 வாக்கில். சென்னையில் இன்னும் 8 நிமிடம் முன்பே உச்சி வந்துவிடும். ரயில் வந்த காலத்தில் இந்த வித்தியாசம் பெரும் தலைவலி. சென்னை வானாய்வகம் கணித்த 'மெட்ராஸ் நேரம்' ரயில்களுக்குப் பொது நேரமானது. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நிலை நேரம் வந்தது.

இன்று அந்த நேரத்தைக் காப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக் கடிகாரங்கள். 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் இந்த ஆய்வகம் அல்லது என்ஐசியின் நேர சர்வர்களோடு தங்கள் கணினிகளை ஒத்திசைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சைபர் குற்றம் நடந்தால் எது முன், எது பின் என்று சொல்ல, எல்லாப் பதிவுகளிலும் ஒரே நேரம் இருக்க வேண்டுமல்லவா?

எங்கே கோளாறு?

* சரியாக 5.30 மணி நேரம் வித்தியாசமா? கடிகாரம் பழுதில்லை. நேர மண்டலம் இந்தியாவுக்கு மாற்றப்படவில்லை.

* கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர் 2032 வகைதான், விலை மலிவு.

* நாளுக்குச் சில நொடி தப்புகிறதா? ஒத்திசைவு நின்றுபோயிருக்கும். லினக்ஸ் சர்வரில் குரோனி போன்ற நிரல் ஓடுகிறதா, ஃபயர்வால் 123-ம் எண் யுடிபி போர்ட்டை மறிக்கிறதா என்று பாருங்கள்.

* நிரல் ஓடத் தொடங்கியதும் நின்றுவிடுகிறதா? பழைய என்டிபி நிரல், வித்தியாசம் 1,000 நொடியைத் தாண்டினால் 'ஏதோ பெரிய தப்பு' என்று விலகிவிடும். ஒருமுறை கையால் சரிசெய்துவிட்டு ஓட விடுங்கள்.

* ஒரே சர்வருக்குள் பல விர்ச்சுவல் மெஷின்களா? என்டிபி ஒரு பக்கமும் தாய் சர்வர் மறுபக்கமும் நேரத்தைத் திருத்தினால் இழுபறிதான். ஒருவரிடம் மட்டும் பொறுப்பைக் கொடுங்கள்.

சர்வரைச் சரிசெய்த கையோடு, சிசிடிவி ரெக்கார்டரின் செட்டிங்கிலும் அதே நேர சர்வர் முகவரியைக் கொடுத்துவிடுங்கள்.

பின்னால் திருப்பாதீர்கள்

வியாபாரம் நடக்கும்போது கடிகாரத்தைச் சட்டென்று பின்னோக்கித் திருப்புவது ஆபத்து. 10.05-க்குப் போட்ட பில்லுக்குப் பிறகு 10.02 என்று இன்னொரு பில் வந்தால், எது முதலில் என்று மென்பொருள் குழம்பும். சின்னப் பிழைகளை என்டிபி அப்படித் திருத்துவதில்லை. நொடியைத் துளி நீட்டியோ சுருக்கியோ மெல்ல வழிக்குக் கொண்டுவரும். அந்த வேகத்தில் 1 நொடியைத் திருத்த அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெரிய திருத்தம் தேவையென்றால், கடை மூடிய பிறகு செய்யுங்கள்.

செல்போனிலும் இதே கதை

'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்று எல்லா இணையதளமும் அடம்பிடிக்கிறதா? முதலில் போனின் தேதியைப் பாருங்கள். ஆத்தென்டிகேட்டர் ஆப் தரும் 6 இலக்க எண்ணை ஏற்க மறுக்கிறதா? அந்த எண் 30 நொடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்தே உருவாகிறது. போன் ஒன்றிரண்டு நிமிடம் தப்பினாலும் எண் தப்பிவிடும். செட்டிங்ஸில் 'தானியங்கி நேரம்' என்பதை ஆன் செய்தால், பெரும்பாலும் சிக்கல் தீரும்.